கலங்காத சேறு

ஆலங்கண்மாயில் அன்றைக்கு அவ்வளவு ரத்தம் சிந்தியதற்கு ஒரு கைக்குட்டைதான் காரணம். அதைக் கட்டியவன் ராகேஷ். அவிழ்க்க விடாமல் நிறுத்தியவள் முத்துமீனா. இரண்டு பேருமே கெட்டவர்கள் இல்லை கண்ணுகளா, அதை முதலிலேயே மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கெட்டவர்கள் செய்த காரியமாக இருந்தால் திட்டிவிட்டுத் தூங்கப் போய்விடலாம்.

முத்துமீனா எழுமலைப் பக்கத்துப் பெண். அம்மா பாண்டியம்மாள் ஊரார் காட்டில் களை எடுத்து, கதிர் அறுத்துப் படிக்க வைத்த மகள். நாகமலை புதுக்கோட்டையில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியா வளர்ப்பதுதான் இப்போது அவளுக்கு வேலை. கூட வேலை பார்க்கும் ராகேஷ் மதுரை டவுனுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவன். வீட்டுக்குள் சௌராஷ்டிரம், வாசலைத் தாண்டினால் தமிழ். கண்மாய் என்றால் அவனுக்குப் பஸ் ஜன்னலில் பளிச்சென்று தெரிந்து மறைகிற தண்ணீர், அவ்வளவுதான்.

அவர்கள் வளர்த்த பாக்டீரியா லேசுப்பட்டது இல்லை. சேற்றிலிருக்கும் இரும்பை உறிஞ்சி, உடம்புக்குள்ளேயே பொடிப்பொடிக் காந்தமாக்கி, பாசிமணி கோத்ததுபோல் வரிசையாக அடுக்கி வைத்திருக்கும். அந்தச் சரம்தான் அதற்குத் திசைகாட்டி. பூமியின் காந்தக் கோட்டுக்கு நேராக உடம்பைத் திருப்பிக்கொண்டு, வாலைச் சுழற்றி நீந்தும். குளிர்தேசங்களில் அந்தக் கோடு சாய்வாகப் பூமிக்குள் இறங்குகிறதாம். அதைப் பிடித்துப் போனால் காற்று குறைந்த அடிச்சேற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். மதுரைச் சீமையில் அந்தக் கோடு ஏறக்குறையப் படுத்தே கிடக்கிறது. அதனால் நம் கண்மாய்ச் சேற்றில் பாதி உயிர்கள் வடக்கே ஓடும், பாதி தெற்கே ஓடும். எந்தப் பக்கம் போனால் பிழைப்போம் என்று இரண்டுக்கும் தெரியாது.

இந்தப் பாக்டீரியாவின் முதுகில் மருந்துக் குருணை ஒன்றை ஒட்டி, சுற்றிலும் கம்பிச்சுருள் வைத்து மின்சாரம் பாய்ச்சினால், வண்டி ஓட்டுவதுபோல் ஓட்டலாம். "உசுரோட இருக்குற ரோபோ" என்பார் ராஜாராம் சார். அவர்தான் ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பு. புற்றுக்கட்டியின் நடுப்பகுதியில் காற்றுக்கு வழியில்லை. ரத்தத்தோடு போகிற மருந்து அங்கே எட்டாது. காற்றில்லா இடத்தைத் தேடிப் போகிற இந்த ஜீவன் எட்டும். என்றாவது ஒருநாள் எட்டும் என்று நம்பித்தான் முத்துமீனா தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் அதை ஓட்டப் பழகியிருந்தாள்.

அப்புறம் ஒரு விடுமுறையில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுக்கவில்லை. திங்கட்கிழமை வந்து பார்த்தால் வளர்த்தது எல்லாம் செத்து, குழாய்கள் வெறும் கலங்கல் தண்ணீராக இருந்தன. குருணையைத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய அந்தத் தடித்த ரகம் வேறு எந்தச் சேற்றிலும் கிடைக்கவில்லை. ஆலங்கண்மாயில் மட்டும்தான் இருந்தது. பல வருஷமாக யார் காலும் படாமல், அடுக்கு அடுக்காக அடங்கிக் கிடந்த சேறு அது. அடுக்கு கலங்கினால் காற்றுப் புகும். காற்றுப் புகுந்தால் அது சாகும்.

அந்தக் கண்மாயில்தான் மீன்பிடித் திருவிழா என்று தண்டோரா போட்டார்கள்.

மீன்பிடித் திருவிழா எப்படி என்று தெரியாதவர்களுக்கு: கோடையில் தண்ணீர் முழங்காலளவுக்கு வற்றியதும் சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் லாரி பிடித்து வந்து கரையில் நிற்கும். கையில் வலை இருக்கும், இல்லையென்றால் ஊத்தா இருக்கும். ஊத்தா என்பது மூங்கில் குச்சிகளை வளைத்துக் கட்டிய அடியில்லாத கூடை. மீன்மேல் கவிழ்த்து, மேல் ஓட்டைவழியே கைவிட்டுப் பிடிப்பார்கள். ஆனால் கண்மாய்க்குச் சொந்தக்கார ஊரின் பெரியவர் சாமி கும்பிட்டு, கரையில் ஏறி வெள்ளைத் துண்டைக் கொடியாக வீசுகிறவரைக்கும் ஒரு கால் தண்ணீரில் படக்கூடாது. வீசியதும் சொந்த ஊர்க்காரர்கள் வடகரையிலிருந்து முதலில் இறங்குவார்கள். அப்புறம்தான் மற்றவர்கள். கடைசியாகத் திருவிழா நடந்தபோது தென்கரையில் நின்ற பக்கத்து ஊர்க்காரர்கள் முந்திக்கொண்டதில் இரண்டு ஊருக்கும் மண்டை உடைந்தது. அதற்குப் பிறகு இப்போதுதான்.

முத்துமீனா துண்டு வீசுகிற பெரியவர் சின்னச்சாமியின் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் காட்டில்தான் பாண்டியம்மாள் இன்றைக்கும் களை எடுக்கிறாள்.

"கொஞ்சம் சேறுதான் ஐயா. ஒரு பாட்டிலு. சனம் எறங்கி மிதிக்கிறதுக்கு முன்னால எடுத்துக்கிறேன்."

"சேத்த வச்சு என்ன பிள்ள பண்ணப் போற?"

"புத்துநோய்க்கு மருந்து ஐயா."

சின்னச்சாமி அவளை மேலும் கீழும் பார்த்தார். அவருடைய சம்சாரம் புற்றில் போனவள். "விடிஞ்சதும் வந்து எடுத்துட்டுப் போயிரு. கையில வலை, கூடை எதுவும் இருக்கப்படாது. மீனு ஒண்ணு செத்தாலும் நம்ம ஊரு எளவட்டங்க சும்மா இருக்க மாட்டாய்ங்க, ஆமா."

விடிந்ததும் வந்தார்கள். அவர்களுக்கு முன்பே சனம் வந்திருந்தது. நாலு கரையிலும் தலை தலையாகத் தெரிந்தது. மினி லாரிகளின் ஹாரன், கோவில் குழாய் ஸ்பீக்கரில் பாட்டு, வியர்வை, பீடிப்புகை. பசித்த கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அது நின்ற இடத்திலேயே நகர்ந்துகொண்டிருக்கும். தென்கரையில் முன்வரிசையை யாரோ தள்ளுவதும், அவர்கள் கெட்டவார்த்தையோடு பின்னால் முட்டுவதுமாக இருந்தது. ஒருவன் மூக்கில் அப்போதே ரத்தம்.

"மீனா, இது எனக்குச் சரியாப் படல" என்றான் ராகேஷ்.

"பேசாம வாடா. ஒரு பாட்டிலு எடுக்க எம்புட்டு நேரமாகும்?"

நடுக்கண்மாய்வரை மெல்ல நடந்து போனார்கள். அவள் குனிந்து, அகலவாய்ப் பாட்டிலைத் தண்ணீருக்குள் சாய்த்துச் சேற்றில் செருகினாள். சேறு அடுக்குக் கலையாமல் தானாக ஊர்ந்து உள்ளே வரவேண்டும், அவசரப்பட்டால் போச்சு. மூச்சைக்கூட அளந்து விட்டாள்.

ராகேஷ் வழக்கமாகச் செய்வதைச் செய்தான். மாதிரி எடுத்த இடத்தில் அலுமினியக் கம்பி ஒன்றை ஊன்றி, அடையாளத்துக்கு வெள்ளைத்துணி கட்டிப் போட்டோ எடுப்பது ஆய்வுக்கூடத்து வழக்கம். துணியை அறையிலேயே மறந்துவிட்டு வந்திருந்தான். பாக்கெட்டில் அம்மா மடித்து வைத்த வெள்ளைக் கைக்குட்டை இருந்தது. அதைக் கட்டி, கம்பியை ஆள் உயரத்துக்கு ஊன்றினான். காற்று வந்தது. கைக்குட்டை விரிந்து படபடத்தது.

"கொடி காட்டியாச்சுடா மாப்ள!" என்று தென்கரையில் ஒரு குரல் கிழிந்தது.

கூட்டம் ஒரு மிருகம்போல் ஊளையிட்டது. முதல்வரிசை கரையிலிருந்து சரிந்து தண்ணீரில் விழுந்தது.

கோவில் மைக்கில் சின்னச்சாமி அலறினார். "அது கொடி இல்லப்பா! எறங்காதீங்க! நம்ம துண்டு இன்னும் என் கையில இருக்கு! ஏ பாண்டியம்மா மகளே, அதப் பிடுங்கிப் போடு! பிடுங்கு தாயி!"

இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். அந்தச் சத்தத்துக்கு எல்லாரும் நின்றார்கள். தண்ணீரில் விழுந்தவர்கள்கூட முழங்காலில் நின்றபடி கொடியைப் பார்த்தார்கள். அது இறங்கினால் அவர்களும் கரை ஏறியிருப்பார்கள். கம்பி முத்துமீனாவுக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்தது. ராகேஷுக்கு அதைவிடப் பக்கம். அவன் காலைத் தூக்கினான்.

பாட்டில் பாதிதான் நிறைந்திருந்தது.

"அசையாத ராகேஷ். தண்ணி கலங்கும்."

அவன் தூக்கின காலோடு நின்றான். அவள் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரும்பழுப்பு அடுக்கு, அதன்மேல் சாம்பல் அடுக்கு, அதன்மேல் மெல்லிய செந்நிறக் கோடு. அந்தக் கோட்டை ஒட்டித்தான் அந்தத் தடித்த ரகம் வாழும். கோடு பாட்டிலின் கழுத்துவரைக்கும் வந்தது. மூடியைத் தண்ணீருக்குள்ளேயே திருகி இறுக்கிவிட்டு அவள் நிமிர்ந்தபோது, கைக்குட்டை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அதற்குள் பொறுத்தது போதும் என்று தென்கரை மொத்தமாக இறங்கிவிட்டது.

அதைப் பார்த்த வடகரை சும்மா இருக்குமா? "நம்ம கண்மாயிடா! அடிங்கடா அவய்ங்கள!" என்று ஊத்தாவைக் கவிழ்க்காமல் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது. நடுக்கண்மாயில் இரண்டு கூட்டமும் மோதிக்கொண்ட சத்தம் காய்ந்த சோளத்தட்டையை மாடு மிதித்ததுபோல் இருந்தது. மூங்கில் முறிந்தது. எலும்பும் முறிந்தது. ஒருவன் காதைப் பிடித்து இன்னொருவன் தண்ணீருக்குள் அமுக்கினான். மேலே வந்தபோது காது பாதி தொங்கியது. வலையில் சிக்கி விழுந்தவன்மேல் கால்கள் ஏறி ஏறிப் போயின. கெண்டைகள் துள்ளித் துள்ளி ஆட்களின் முகத்தில் அடித்தன. ஒருவரும் அவற்றைப் பிடிக்கவில்லை. தண்ணீர் முதலில் கருத்தது, அப்புறம் சிவந்தது. கண்மாய் முழுக்க அந்தச் செந்நிறக் கோடு அழிந்துபோனது. உலகத்தில் மிச்சமிருந்தது முத்துமீனா நெஞ்சோடு அணைத்திருந்த ஒரு பாட்டில் மட்டும்.

"இந்தா இவன்தான்டா கொடி நட்டவன்!"

வடகரை இளவட்டம் ஏழெட்டுப் பேர் ராகேஷின் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். முன்னால் நின்றவன் விக்ரம், சின்னச்சாமியின் தம்பி மகன். கையில் ஊத்தாவிலிருந்து பிய்ந்த மூங்கில், நுனி ஈட்டிபோல் பிளந்திருந்தது.

"எந்த ஊருடா நீ? தென்கரைக்காரன் ஏவிவிட்ட ஆளா?"

"அண்ணே, மதுரைண்ணே. காலேஜுண்ணே. சத்தியமாத் தெரியாதுண்ணே."

"மதுரைக்காரனுக்கு எங்க கண்மாயில என்னடா கொடி?"

ஒருவன் முத்துமீனாவின் பின்னலைச் சுருட்டிப் பிடித்து முழங்காலில் தள்ளினான். "களையெடுக்கிறவ மகளுக்குக் கொடி நடுற அளவுக்கு ஆயிருச்சாக்கும்! பாட்டில்ல என்னடி? மீனுக்கு மருந்து கலக்க வந்தியா?"

"சேறுண்ணே. வெறும் சேறு."

"வெறும் சேறுன்னா ஊத்து. எங்க கண்ணு முன்னாடி ஊத்து, ஒங்க ரெண்டு பேரையும் விட்டுர்றோம்."

அவள் மூடியில் கை வைத்தாள். திருகவில்லை.

மூங்கில் ராகேஷின் தோளில் விழுந்தது.

"ஊத்துடி!"

அவளுடைய விரல்கள் மூடியின் மேல்தான் இருந்தன. மூளை மட்டும் எங்கோ ஓடியது. இதை ஊற்றினால் முடிந்தது. மறுபடி இந்தச் சேறு அடங்க எத்தனை மழை வேண்டும்? அடங்கினாலும் அது திரும்ப வருமா? பேசிப் பார்ப்போம், இதோ சின்னச்சாமி ஐயா வந்துவிடுவார், இதோ...

இரண்டாவது அடி அவன் வாயில் பட்டது. பல் ஒன்று தண்ணீரில் விழுந்த சத்தம் அந்த இரைச்சலிலும் அவளுக்குக் கேட்டது. ராகேஷ் கெஞ்சவில்லை. அவளையும் பார்க்கவில்லை. அவள் கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தான்.

மூன்றாவது அடி அடியாக வரவில்லை. விக்ரம் குத்தினான். பிளந்த நுனி வலது கண்ணில் இறங்கியது.

ராகேஷ் தன் வீட்டுப் பாஷையில் அம்மாவைக் கூப்பிட்டான். அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் அந்தப் பாஷை தெரியாது. ஆனாலும் எல்லாருக்கும் புரிந்தது. பிடித்திருந்த கைகள் விட்டன. அவன் முகங்குப்புறச் சேற்றில் விழுந்தான்.

அப்போதுதான் முத்துமீனா பாட்டிலை வீசினாள். விக்ரமின் நெற்றியில் பட்டு உடைந்தது. கண்ணாடியும் சேறும் அவன் முகத்தைக் கிழித்துக்கொண்டு, காலடியில் கிடந்த ராகேஷின் சட்டைமேல் வழிந்தன. அவள் எழுந்து அவன் கழுத்தைக் கடித்தாள். ஆமாம், கடித்தாள். இரண்டு பேர் இழுத்தும் விடவில்லை. அவள் வாயெல்லாம் உப்பு.

சின்னச்சாமி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தம்பி மகனைக் காலால் எத்தித் தள்ளிவிட்டு, ராகேஷைத் திருப்பிப் போட்டார். கண் இருந்த குழியில் சேறு அப்பியிருந்தது. தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை, இன்னும் வீசாத துண்டை, உதறி அவன் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். துண்டு கட்டக் கட்டச் சிவந்தது. "பிடுங்கச் சொன்னேனே தாயி" என்றார் அவளைப் பார்த்து. "கத்துனேனே."

அவள் ராகேஷின் கால்களைத் தூக்கிப் பிடித்தாள்.

மீன் ஏற்றிப்போக வந்த மினி லாரியில் அவனைப் போட்டுக்கொண்டு மதுரைக்கு ஓடினார்கள். காலடியில் யாரோ போட்ட ஒரு விரால் உசிலம்பட்டி தாண்டும்வரை வாயைத் திறந்து திறந்து மூடியது.

கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் ராகேஷின் அம்மா ஹம்சவேணி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் முடிச்சுப் போட்ட பாலித்தீன் கவர். உள்ளே அவன் சட்டையும் அந்தத் துண்டும்.

"யாரும்மா அடிச்சா?"

"கூட்டம் ஆன்ட்டி. கூட்டத்துல..."

"நீ பக்கத்துலதான இருந்த?"

"இருந்தேன்."

ஹம்சவேணி அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் கவரை நீட்டினாள். "இத எங்கயாச்சும் போட்டுரும்மா. என்னால தொட முடியல."

முத்துமீனா குப்பைத்தொட்டிவரை போனாள். கவரைத் தூக்கியவள், கை அப்படியே நிற்க, முடிச்சின் ஓரமாகக் கசிந்த வாடையை முகர்ந்தாள். அழுகிய முட்டை வாடை. காற்றில்லாமல் சேறு உயிரோடு இருக்கிற வாடை.

அவளைத் திட்டத் தோன்றுகிறது இல்லையா? திட்டுங்கள். அவளும் தன்னைத் திட்டிக்கொண்டேதான் பஸ் ஏறினாள். கவரை மட்டும் விடவில்லை.

ஆய்வுக்கூடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, துண்டையும் சட்டையையும் பிழிந்தாள். சேறும் ரத்தமுமாக ஒரு குப்பி நிறைந்தது. இரண்டு பக்கமும் காந்தக் கட்டியை ஒட்டி வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மறுநாள் பார்த்தபோது கண்ணாடியின் உட்புறம் வடபக்கம் ஒரு கறுப்புப் பொட்டு, தென்பக்கம் ஒரு கறுப்புப் பொட்டு. நுண்ணோக்கியில் வைத்தாள். அதே தடித்த ரகம். அவனுடைய செத்த ரத்த அணுக்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு ஊரிலும் போலீஸ் வந்தது. சின்னச்சாமியே விக்ரமை ஒப்படைத்தார். ராஜாராம் சார் ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் அலைந்தார். குப்பி எங்கிருந்து வந்தது என்று கேட்ட ஒருநாள், முத்துமீனா உள்ளதைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே எழுந்து வெளியே போய்விட்டார்.

ராகேஷ் திரும்பி வந்தது ஆடி மாதத்தில். வலது கண்ணில் கறுப்பு மறைப்பு, முன்பல் இல்லை. யாரிடமும் பேசாமல் நேராக நுண்ணோக்கிக்குப் போய் உட்கார்ந்தான்.

"பாக்குறதுக்கு ரெண்டு குழா எதுக்கு? ஒண்ணக் கழட்டிரு" என்றான். அவள் சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றாள்.

அவன் வெகுநேரம் பார்த்தான். "என் சட்டையில இருந்து எடுத்ததாமே. சார் சொன்னாரு."

"ஆமா."

"அப்ப இது எம்புட்டு எனக்குச் சொந்தம், எம்புட்டு ஒனக்குச் சொந்தம்?"

அவள் வாய் திறந்து மூடியது, லாரியில் கிடந்த விராலைப்போல.

அவன் கேமராத் திரையைப் போட்டான். கம்பிச்சுருளின் கைப்பிடியை எடுத்து, குருணை சுமந்த ஒன்றைத் தேடிப் பிடித்தான். கண்ணாடிக் குழாயின் வாசல்வரை அழகாக ஓட்டினான். அப்புறம் கைப்பிடியை ஒரேயடியாகச் சாய்த்தான். அது சுவரில் போய் முட்டியது. இழுத்தான், மறுபடி முட்டவிட்டான். மறுபடி. திரையில் அந்தக் கறுப்புச் சரம் வளைந்தது. குருணை கழன்று தனியே மிதந்தது. அவன் விடவில்லை. அது அசைவில்லாமல் போகிறவரைக்கும் முட்டவிட்டான்.

"ராகேஷ், போதும்."

"மொத அடியில கண்ணு போகல மீனா" என்றான், திரும்பாமல். "ரெண்டாவதுலயும் போகல."



"தெரியும்" என்றாள் அவள். "எனக்குத் தெரியும்டா."

"தெரியுமான்னு பார்க்கத்தான் வந்தேன்."

அவன் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான். கைப்பிடியை அவள் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான். "இன்னொண்ணு பிடி. குழாய்க்குள்ள விட்டு அந்தக் கோடிவரைக்கும் கொண்டுபோ. அம்புட்டு விலை குடுத்து வாங்குனது. வேல செய்யணும்ல."

அவள் உட்கார்ந்தாள். ஒன்றைப் பிடித்தாள். அவள் கை நடுங்கியது; கை நடுங்க நடுங்கத் திரையில் அந்த ஜீவன் வடக்கே திரும்பியது, தெற்கே திரும்பியது, வழி தெரியாமல் துடித்தது. ராகேஷ் திரையைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் வந்து நின்று, ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மூச்சு அவள் பிடரியில் பட்டது.

"அசையாத மீனா" என்றான். "தண்ணி கலங்கும்."